மேரி டீச்சரின் மெதுவான குரல்

"ஆட்டு..." என்று தொடங்கிய அடைக்கலமேரி அங்கேயே நின்றுவிட்டார். வலது உள்ளங்கை மேலே போயிற்று. பாயில் உட்கார்ந்திருந்த பதினான்கு பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று ஏர் ஹாரனை அழுத்தியபடி சன்னலுக்கு வெளியே கடந்தது. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டைகள் நடுங்கி அடங்கின. கை இறங்கியது.

"...க்குட்டி" என்றார்.

"ஆட்டுக்குட்டி!" என்று பிள்ளைகள் திருப்பிக் கத்தினார்கள். ஒரு காலைப்பொழுதில் அந்தக் கை முப்பது முறைக்கு மேல் ஏறி இறங்கியது. அவரைப் பற்றி எழுத வந்திருந்த நான் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சூசையப்பர் நகர் அங்கன்வாடியில் இருபத்துநான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் மேரி டீச்சர். வயது ஐம்பத்துமூன்று. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சத்துமாவு அலமாரியின் சாவி. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நான்குவழிச் சாலை வந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்ற புளியமரங்கள் போயின. இப்போது வகுப்பறைச் சன்னலுக்கும் தாருக்கும் இடையே பதினெட்டு அடி. போதாததற்கு அந்த இடத்தில் ஒரு வளைவு. வளைவைக் கண்டதும் ஓட்டுநரின் கை தானாக ஹாரனுக்குப் போய்விடுகிறது.

அவருக்கு ஒவ்வொரு ஹாரனும் அத்துப்படி. "இது கட்டுமாவடி மீன் வண்டி. பின்னாடி வாரது பத்து இருபதுக்கு வார பஸ்சு, முன்னாடி போன பஸ்ஸப் புடிக்கணும்னு அடிச்சுக்கிட்டே வருவான்." நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறார். சொன்னபடியே வருகிறது. வீட்டில் டி.வி.யில் படம் மட்டும் ஓடும். சத்தத்தைக் கூட்டியும் பயனில்லை என்று அடியோடு குறைத்துவிட்டார். குவைத்தில் இருக்கும் கணவர் போனில், "எதுக்குடி எப்பப் பாத்தாலும் சண்டைக்கு வாரே?" என்று கேட்கிறாராம். "சண்டை எங்கேங்க போடுறேன்? சாப்புட்டீங்களான்னுதான் கேக்குறேன்." பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். தான் சாமியாரிடம் காதோடு சொல்லும் பாவம் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்டுவிடுகிறது என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அவருடைய கோபம் தனக்காகத் தொடங்கியதல்ல. அப்போது மூன்றரை வயதாக இருந்த இனியாவுக்காகத் தொடங்கியது. இப்போது நான் பெயர் கேட்டபோதும், சந்தையில் கூவி விற்பதுபோல் அந்தப் பிள்ளை தன் பெயரைக் கத்தியது. தாய் சிவரஞ்சனி அப்போதே பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். கூடவே டீச்சரும் போனார். காதில் குறையில்லை என்ற டாக்டர், வீட்டில் காது கேளாதவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்களோடு பேசிப் பேசி இப்படி ஆயிற்றா என்று கேட்டார். "அப்புடி யாரும் இல்லைங்க டாக்டர்" என்றார் சிவரஞ்சனி. டீச்சர்தான் குறுக்கிட்டார்: "வீட்டுல இல்லைங்க. வாசல்ல இருக்கு. ரோடு."

அந்த வாரமே முதல் மனு. மதியம் பிள்ளைகள் தூங்குவதில்லை, தூங்கும் பிள்ளையும் வீறிட்டு எழுந்து வாந்தியெடுக்கிறது, சாலையோரம் ஒலித்தடுப்புச் சுவர் வேண்டும், வளைவில் ஏர் ஹாரனைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். காலனியில் தொண்ணூற்றிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது மனுவுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேர் கருவியோடு வந்தார்கள். காலனியின் கடைசியில் இருக்கும் சமுதாயக் கூடத்துக்குள் உட்கார்ந்து அளந்தார்கள். ஒலி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருப்பதாகக் கடிதம் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் சாலைத் திட்ட அலுவலகத்துக்குப் போனார். "ஞாயித்துக்கிழமை புள்ளைகளே வராதுங்க சார். யாரு காதுக்கு அளந்தீங்க?"

அதிகாரி நிமிராமலே கேட்டார்: "ரோட்டுப் பக்கத்துல வீட்டக் கட்டிட்டு, சத்தம் வருதுன்னா எப்படிம்மா?"

"நாங்க ரோட்டுப் பக்கத்துல கட்டலேங்க. ரோடுதான் எங்க பக்கத்துல வந்துச்சு."

"ஏம்மா கத்துறீங்க? இது ஆபீஸு. மெதுவாப் பேசுங்க."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் கத்தலேங்க சார்" என்றார். "எனக்கு இதுதாங்க மெதுவு."

ஒரு மனிதரின் குரலைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு அவரிடமே ஏன் கத்துகிறாய் என்று கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் அந்த அறையில் ஒருவர் தலைகுனிந்தார். திருமுருகன் என்ற இளம் பொறியாளர். வாசல்வரை பின்னால் வந்து, "நான் வந்து பாக்குறேங்கம்மா" என்றார். "செவ்வாக்கிழமை பத்து மணிக்கு வாங்க. மெஷினெல்லாம் வேணாம்" என்றார் டீச்சர்.

வந்தார். டீச்சர் அவரைப் பாயில் உட்கார வைத்தார். "புள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்க சார். அது போதும்."

"ஒரு காட்டுல ஒரு யானை..." என்று ஆரம்பித்தார் திருமுருகன். மீன் வண்டி போயிற்று. மறுபடி ஆரம்பித்தார். டிப்பர். யானை குளத்துக்குப் போவதற்குள் பத்து இருபதுக்கு வரும் பஸ்ஸும் வந்துவிட்டது. அவரும் குரலை உயர்த்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. முன்வரிசையிலிருந்து இனியா கத்தினாள்: "கேக்கலே!"

கதை முடியவில்லை. பொறியாளர் அங்கேயே குந்தியபடி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் சில நடந்தன. போக்குவரத்துத் துறையினர் வளைவில் வண்டிகளை நிறுத்தி ஏர் ஹாரன்களைக் கழற்றினார்கள். இரண்டு வாரம் பிள்ளைகள் மதியத்தில் தூங்கினார்கள். சமையல் உதவியாளர் முனியாயி, எல்லோருக்கும் மூச்சு வருகிறதா என்று பயந்துபோய்க் குனிந்து பார்த்தாராம். மூன்றாம் வாரம் ஹாரன்கள் திரும்பிவிட்டன. தடுப்புச் சுவருக்கு மதிப்பீடு தயாராகிறது என்கிறார்கள். எட்டு மாதமாகத் தயாராகிறது. டீச்சர் மாதம் ஒரு மனு போடுவதை நிறுத்தவில்லை.

நான் போயிருந்த அன்று காலையில் ஒன்று மட்டும் வந்து சேர்ந்திருந்தது: ஒரு பலகை. 'ஒலி எழுப்பாதீர். குழந்தைகள் பகுதி.' கம்பத்தை நட்டுவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பலகையின் முதுகு சாலையைப் பார்த்திருந்தது. எழுத்து அங்கன்வாடியைப் பார்த்திருந்தது.

டீச்சர் வாசலில் நின்று அதை இரண்டு முறை படித்தார். "எங்களயா சொல்லுது?" என்றார். "நாங்களா எழுப்புறோம்?"

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பிராங்க்ளினிடம் போய் ஸ்பேனர் வாங்கி வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினார். பிடிக்கவா என்று நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பலகையின் முகத்தைச் சாலைக்குத் திருப்பி, மறுபடி முறுக்கத் தொடங்கினார். வளைவில் ஒரு டிப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.