எண்ணெய் பூசாத பந்து

நான் வேலை செய்யும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டு அலுமாரியைத் துடைக்கும்போது ஒரு பழைய தோல் பந்தைக் கையில் எடுத்தேன். அவருடைய ஆங்கிலேயத் தாத்தா அந்தக் காலத்தில் கோல்களாக அடித்துத் தள்ளியவர், பாதிக்கு மேல் தலையால்.

"கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அவருக்குத் தெரியவில்லை," என்றார் சிஞ்ஞோரா.

தோல் மணம் மூக்கில் ஏறியது.

என் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் அணிக்குத் தலையால்தான் கோல் அடிப்பார். இதே மாதிரி வார் கட்டிய பந்து. மழைத்தண்ணீர் குடித்தால் கல்லாகக் கனக்கும். அதனால் ஆட்டத்துக்கு முதல்நாளே தேங்காயெண்ணெய் பூசி வைப்பது என் வேலை. ஒருமுறை மறந்துபோனேன். மறுநாள் மழை கொட்டியது. உயரே வந்த பந்தை அப்பா எம்பி முட்டினார். சனம் கோல் என்று கத்தியது. அப்பா சேற்றில் கிடந்தார். ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். நெற்றியில் வாரின் தடம்.

"நீ ஆற்றை பிள்ளை?" என்று, யாரோ வீட்டுப் பிள்ளையிடம்போல, என்னைக் கேட்டார்.

பொழுதுபடுவதற்குள் அவருக்கு என் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. எண்ணெய் பூசாததை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாலையில் மகள் மொண்டெல்லோ மைதானத்தில் கால்பந்து மட்ச் முடிந்து வந்தாள். நெற்றி சிவந்திருந்தது.

"அம்மா, தலையால கோல் அடிச்சனான்!"

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நான் ஆர் எண்டு சொல்லு."

"இப்பதானே அம்மா எண்டு கூப்பிட்டனான்?"

"திரும்பச் சொல்லு."