உபெர்லிந்தா கவிழ்த்த செடி

உபெர்லிந்தா கார்கமோ எங்கள் சோதனைக் கொட்டகையில் தரை கழுவுகிறவள். நான் முத்திரை குத்துகிறவன். சான் அந்தோனியோ துறைமுகத்தில் இறங்கும் ஒரு வெளிநாட்டுச் செடிகூட என் கண்ணுக்குத் தப்பிச் சிலி நாட்டு மண்ணைத் தொட முடியாது என்று பதினெட்டு வருடம் பெருமையடித்துக்கொண்டவன். அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அவள் தெற்கே சிலோயே தீவுக்காரி. மீன் ஆலையில் மட்டி உரித்து விரல்கள் வெடித்துப்போன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தாள். செத்துப்போன புருஷனின் ரப்பர் பூட்ஸை, முனையில் பழந்துணி அடைத்துப் போட்டிருப்பாள். வாய் சும்மா இருக்காது. நான் பெட்டியைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்து முத்திரை போட்டால் போதும், "தொன் ரெமிஹியோ செடியப் பாக்குறாரா, கும்பிடு போடுறாரா?" என்பாள், 'தொன்' என்ற மரியாதையை மட்டும் விடாமல். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சோதனை என்றால், செடியை வெள்ளைத் தட்டின்மேல் உதற வேண்டும். விழும் பூச்சியை ஈரத் தூரிகையால் எடுத்துச் சாராயக் குப்பியில் போட வேண்டும். உள்ளே ஒரு சீட்டு: என்ன செடி, என்ன நாள், கண்டெடுத்தவர் யார். பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

ஒரு மார்ச் மாதம் ஈக்வடாரிலிருந்து புரோமெலியாச் செடிகள் வந்தன. அவற்றின் இலைகள் அடியில் கிண்ணம்போல் கூடித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். உதறினால் போதாது, கவிழ்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். பசி வேளை என்று சும்மா உதறிவிட்டு, 'சுத்தம்' என்று முத்திரை போட்டுச் சாப்பிடப் போனேன். உபெர்லிந்தாவோ, கழுவிய தரையில் தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு செடியாக வாளியில் கவிழ்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்ததும் உள்ளங்கையை நீட்டினாள். அரிசியில் பாதி அளவுக்கு ஒரு கூன்வண்டு.

"இவன் மூக்கு நம்ம சுவத்துல மாட்டியிருக்குற பூச்சிப் படத்துல எதுலயும் இல்ல, தொன் ரெமிஹியோ."

சீட்டில் அவள் பெயரை எழுதினால், நான் முத்திரை போட்ட பிறகு கிடைத்த பூச்சி என்பது வெளியே வந்துவிடும். முத்திரைத் தாளைக் கிழித்தேன். செடிகளைத் தடுத்து வைத்தேன். சீட்டில் என் பெயரை எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் குப்பி போய்ச் சேர்ந்த சந்தியாகோ ஆய்வகத்திலிருந்து பூச்சி ஆய்வாளர் அம்மாள் ஒருவரின் கடிதம் வந்தது. உலகத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத வண்டாம். கண்டெடுத்தவன் என்பதால் என் பெயரையே அதற்கு வைத்து அச்சிட்டும் விட்டார்கள். கொட்டகையில் கேக் வெட்டினார்கள். உபெர்லிந்தா சோபைபில்லாப் பலகாரம் பொரித்துக் கொண்டுவந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள், அவளும்தான். எப்படிப் பிடித்தீர்கள் என்று மேலதிகாரி கேட்டார். செடியைக் கவிழ்த்துப் பார்த்தேன் என்றேன். நாக்குக் கூசாமல் சொன்னேன். அவள் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மூன்று வாரம் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதி அந்த அம்மாளுக்கும் அதிகாரிக்கும் அனுப்பினேன். அதிகாரி மூன்று மாதம் என் முத்திரையைப் பிடுங்கி வைத்தார். அது வலிக்கவில்லை. அம்மாளின் பதில்தான் வலித்தது: அச்சேறிய பூச்சிப் பெயரை இனி மாற்ற விதியில் இடமில்லை.

உபெர்லிந்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தரை துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"வண்டுக்கு எம் பேரு எதுக்கு? கேக் வெட்டுனப்ப ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அவள் துடைக்க வழிவிட்டு, ஒரு பெட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றோடு அவள் கிண்டலும் நின்றுபோனது. அந்தக் கிண்டலுக்காக நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

போன வாரம் என் மேசைமேல் ஒரு குப்பியை வைத்தாள். ரோஜாச் செடியில் வரும் அசுவினி, ஆயிரம் தடவை பார்த்த பூச்சி. சீட்டு எழுதப் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தேன்.

"வேணாம்," என்றாள். "பேர நானே எழுதிட்டேன்."