ஆராய்ச்சிக்கு மட்டும்

எலிகளை எடை போடுவதுதான் அப்போது என் வேலை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். உடம்புக் கொழுப்பைக் குறைக்கும் பெப்டைடு என்ற செயற்கை மருந்துகளை அங்கே எலிகளுக்குப் போட்டுச் சோதித்தார்கள். ஊசி போட்ட எலிகள் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாரா வாரம் இளைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து பாகாட் ஊரில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா துணி ஆலையில் மேற்பார்வையாளர். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டது. மூட்டுவலியோடு நாள் முழுக்க நிற்பாள்.

"எலிக்கு வேலை செய்யுது, எனக்குச் செய்யாதா?" என்றாள்.

சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இணையத்தில் வாங்கிய சின்னச் சின்னப் புட்டிகளைக் காட்டினாள். உள்ளே வெள்ளைத் தூள். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று லேபிளில் இருந்தது.

"தூக்கிப் போடுக்கா. உள்ள என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"கிளினிக்ல போடுற ஊசி நம்ம சம்பளத்துக்கு ஆவாது லா. எப்படிப் போடுறதுன்னு நீ சொல்லித் தரலன்னா வீடியோ பாத்து நானே போட்டுக்குவேன்."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். கண்டபடி குத்திக்கொண்டு சீழ் பிடிக்க வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். முதல் ஊசியை நானே போட்டேன்.

"அத்தானுக்குத் தெரிய வேணாம்" என்றாள். தலையாட்டினேன்.

உடம்பு குறைந்தது. பழைய சேலை ரவிக்கையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். மூன்றாவது மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"ரெண்டு நாளா வாந்தி. வயிறு முதுகு வரைக்கும் வலிக்குது."

"ஊசிய நிறுத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

ஊசியை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆலையில் அவசர ஆர்டர் என்று வேலைக்குப் போனவள், தையல் இயந்திரங்களுக்கு நடுவே விழுந்தாள்.

கணையம் கடுமையாக வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். என்ன மருந்து எடுத்தாள் என்று கேட்டார். "ஒண்ணும் எடுக்கல" என்றார் அத்தான். நான்தான் உண்மையைச் சொன்னேன். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மிச்சமிருந்த புட்டிகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பேராசிரியர் சோதித்துப் பார்த்தார். லேபிளில் போட்டிருந்ததைவிட மருந்து பல மடங்கு அதிகம். கூடவே இன்னதென்று தெரியாத வேறொன்றும் கலந்திருந்தது.

"இத நான் எலிக்குக்கூடப் போட மாட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராவது நாள் அக்கா இறந்தாள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வரும்போது அத்தான் என்னை நிறுத்தினார்.

"அவ கேட்டா உன்னால மறுக்க முடியாது. தெரியும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இனிமே வீட்டுக்கு வராத."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டேன். போன மாதம் அக்காவின் மூத்த மகள் கைப்பேசியில் கேட்டிருந்தாள்: "சின்னம்மா, அம்மாவுக்கு உண்மையா என்னா ஆச்சு?" அத்தானைக் கேட்காமலே எல்லாவற்றையும் எழுதினேன், முதல் ஊசியைப் போட்டது யார் என்பது உட்பட. படித்துவிட்டாள். இதுவரை பதில் இல்லை.