ஊதிப் பார்த்த நிறம்

ஜப்பான்காரன் மலாய்நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், காஜா பேராங் ஊரில் நாங்கள் கறிக்காக முயல் வளர்த்தோம். ஒரு மாலை, அவற்றைப் பிடித்துப்போகச் சாக்குடன் ஒரு ஜப்பான் சிப்பாய் வந்தான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. தாய் முயலைத் தூக்கியவன் அதன் மயிரை மெல்ல ஊதினான். சாம்பல் நிற மேல்மயிர் விலகி, உள்ளே நீலமும் வெண்மையும் வளையமாக விரிந்தன. குட்டிகளையும் அப்படியே ஊதிப் பார்த்தான்.

“இது மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?” என்று ஒரு குட்டியைக் காட்டி, பயம் மறந்து மலாயில் கேட்டாள் என் மனைவி.

“தாத்தா கறுப்பா இருந்திருக்கும்,” என்றான் அரைகுறை மலாயில். “மத்த குட்டிங்களுக்கு இப்ப இருக்கிறது குட்டி நிறம். சொந்த நிறம் இனிமேதான் வரும். வந்து பாக்குறேன்.”

வெறும் சாக்கோடு போனான்.

குட்டிகளுக்கு வெள்ளி நிறம் ஏறியது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, அவற்றை அறுக்காமல் காத்திருந்தோம். அவன் வரவில்லை. அந்தப் படையைக் கண்டாலே நடுங்கிய நான், அவனுக்காக ஏன் வாசலைப் பார்த்தேன் என்று இன்னும் தெரியவில்லை.