ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைப்பூ

எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் வேல பாத்துக் கட்டுன ஊடு, அப்பா பேர்ல இருந்துச்சுங்க. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பொழச்சதும், அண்ணன் ‘ஊட்ட வித்து என் தொழிலுக்குப் புது மெசினு போடலாம்’னு பேச ஆரம்பிச்சுட்டான்.

“அம்மா பேருக்கு உயில் எழுதுங்கப்பா”ன்னனுங்க.

“மாரியாத்தாகிட்டப் பூ கேக்கலாம். வெள்ள வந்தா எழுதறன். செகப்பு வந்தா பேச்சே எடுக்காத.”

கோயில்ல ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செகப்பு மடிக்கோணும்; நான் ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளையவே மடிச்சு வெச்சனுங்க. அப்பா ஒண்ண எடுத்தாரு, வெள்ள. என் மூஞ்சியப் பாத்துட்டு, இன்னொண்ணயும் பிரிச்சுட்டாரு.

“ஏன்டா கண்ணு, ஆத்தாளையே ஏமாத்தறயா?”

“நீங்க போயிட்டா அம்மா எங்கீங்கப்பா போவும்?”

அப்பா அடுத்த வாரமே உயில் எழுதிப் பதிஞ்சுட்டாரு.

இப்பல்லாம் நான் பூ மடிக்கறதில்லீங்க. சொந்தத்துல வயசானவங்க எல்லார்கிட்டயும் ‘உயில் எழுதிட்டீங்களா’ன்னு நேராவே கேட்டுப்போடறன். நேத்து பெரியப்பா செருப்பத் தூக்குனாரு. விடமாட்டனுங்க.