மாமாவுக்குப் பதிலாக ஒரு கையெழுத்து

கோர்ட்டுக்குப் போகும் நாளென்றால் எனக்குக் கால் தரையில் பாவாது. அன்று பள்ளிக்கூடம் கிடையாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை ஜன்னலோர சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பஸ்ஸில் மாமாவும் வருவார். அம்மா வழக்குப் போட்டிருந்ததே அந்த மாமாவின் மேல்தான்.

புவனகிரியில் தன் பேரில் இருந்த மனையை அம்மாவுக்கு விற்பதாக மாமா ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் வாங்கியிருந்தார். அங்கே வீடு கட்டிவிட்டால், மஸ்கட்டில் வெல்டராக இருந்த அப்பா ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. அதற்குள் பக்கத்தில் நாலுவழிச் சாலை வந்தது. மனையின் விலை ஏறியது. மாமாவின் மனசு மாறியது. வாங்கிய முன்பணத்தை இரண்டு மடங்காகத் தந்துவிடுகிறேன் என்றார். அம்மா மறுத்துவிட்டு, கடலூரில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள்.

பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாமா முன்சீட்டிலிருந்து திரும்பி வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டுவார். நான் அதில் பாதியை அம்மாவிடம் கொடுப்பேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே தின்பாள்.

அம்மா கூண்டேறிய அன்று, மாமாவின் வக்கீல், "அதான் அண்ணன் டபுளா தர்றேன்னாரே, ஏம்மா வாங்கிக்கல?" என்றார்.

"அந்தப் பணத்துக்கு இன்னிக்கு அங்க மனை கெடைக்குமாங்க? மீதிப் பணத்தோட நான் ரெடியா நிக்கிறேன். சொன்னபடி அவுரு எழுதித் தரணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

குரல் நடுங்கவே இல்லை. நான் கைதட்டிவிட்டேன். டவாலி என்னை வெளியே கூட்டிப்போய் நிறுத்தினார். அங்கேயும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அம்மா மீதியைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், மாமா தவணைக்குள் கிரயம் செய்து தர வேண்டும்.

"அவுரு வரலைன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"வரலைன்னா கோர்ட்டே கையெழுத்துப் போட்டுக் குடுக்கும்மா," என்றார் வக்கீலம்மா.

மாமா வரவில்லை. அம்மா தவணை முடிந்தும் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தாள். பிறகுதான் மறுபடி மனுப் போட்டாள். கடைசியில் புவனகிரி ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்து, மாமா போட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். எனக்குப் புல்லரித்தது. எழுதித் தர மாட்டேன் என்று ஒரு ஆள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாலும் விடாத கோர்ட்டு! மறுநாள் வகுப்பில் சொல்ல வார்த்தைகளை அப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மாவோ ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். "ஜெயிச்சிட்டோம்பா!" என்று கத்தினேன். அப்பா சிரித்தார். பிறகு மெல்ல, "மாமா வந்தாரா?" என்று கேட்டார்.

"அவுரு வரவே வேணாம்பா! அவுரு இல்லாமயே எல்லாம் முடிஞ்சிருச்சு!"

அதைவிட நல்ல சேதி இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன். அம்மா ஏன் போனை என் கையில் விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள் என்பது எனக்கு விளங்கவில்லை.