அப்பாவின் புளோரிடாப் படங்கள்

நான் கட்ட விரும்பியவனின் தாயும் தகப்பனும் கல்யாணம் பேச ஒஷாவாவிலிருந்து அஜின்கோர்ட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது, அப்பா அவர்களை உட்காரவைத்துக் கடல் காட்டினார். வெளியே பனி கொட்டியது. உள்ளே ரீவியில் புளோரிடா.

அப்பாவும் அம்மாவும் அந்தக் கிழமைதான் அங்கேயுள்ள ஒரு கடற்கரை நகரத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். அழகான இடம்தான், அதை மறுக்கமாட்டேன். அரித்த மா மாதிரி மணல், பச்சையும் நீலமுமாகக் கடல், இளஞ்சிவப்புச் சாயம் பூசிய பழைய ஹோட்டல்கள். எல்லாவற்றின் முன்னாலும் வெயிலில் உரிந்த மூக்கோடு அப்பா. ஒரே தென்னையை நாலு பக்கமும் நின்று எடுத்திருந்தார். வந்தவர்களும் நாலு தடவை தலையாட்டினார்கள். கல்யாணப் பேச்சை நுழைக்க ஒரு இடைவெளி கிடைக்காதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

வெறும் கடல் மட்டும் தெரிந்த ஒரு படத்தில் அப்பா நிறுத்தினார்.

"அண்ணை, இந்த இடத்திலை முந்திக் கறுப்புச் சனத்தைக் குளிக்க விடுறேல்லையாம். கடலுக்குள்ளை கயிறு கட்டி வைச்சிருந்தவங்களாம். ஹோட்டல்லை சமைக்கலாம், கட்டில் விரிக்கலாம், கால் நனைக்கேலாதாம்."

அவருக்கு மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. "மனிசரோ அவங்கள்?" என்றார். அம்மா கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியை நீட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

மூக்கைச் சிந்திவிட்டு அப்பா கேட்டார்: "அது சரி, அண்ணை ஊரிலை எவடம்?"

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியோடு நிற்பதில்லை. ஊரைச் சொன்னால் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் கோயில். கோயில் வந்தால் சாதியும் வந்துவிடும். வாய்விட்டுக் கேட்ட பாவம் ஒருவருக்கும் இல்லை.

அவனுடைய தகப்பன் ஊரைச் சொன்னார்.

"அது பெரிய ஊரெல்லோ. சந்திக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை."

அப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப கோயில்?"

"அம்மன் கோயில், அண்ணை. வெளிவீதியிலை நிண்டுதான் கும்பிடுறனாங்கள். எங்களை உள்ளுக்கு விடுறேல்லை." நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்பாவின் கை எதிலோ பட்டு ரீவியில் படங்கள் தானாக ஓடத் தொடங்கின. அரைக்காற்சட்டையில் அப்பா. கறுப்புக் கண்ணாடியில் அப்பா. இளநீரோடு அப்பா. அம்மா, "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்று கோப்பைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். புதுத் தேத்தண்ணீர் வரவேயில்லை.

அவர்கள் எழும்பினார்கள். அப்பா மரியாதையில் குறை வைக்கவில்லை. வாசல்வரை வந்து குளிர் ஜாக்கெட்டுகளையும் எடுத்துக்கொடுத்தார். கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

"நீங்களும் ஒருக்காப் புளோரிடாப் பக்கம் போய்ப் பாருங்கோ," என்றார் அப்பா. "இப்ப எல்லாரும் இறங்கலாம்."

"ஓம் அண்ணை," என்றார் அவர், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடி.

நானும் என் சப்பாத்தைப் போட்டேன்.

"நீ எங்கை வெளிக்கிடுறாய்?" என்றார் அப்பா.

"இவையளோடை," என்றேன்.